நண்பர்களைப் பார்க்க ஓர் இறையியல் மாநாட்டுக்குப் போகலாமா?

கேள்வி, சுருக்கமாக: நியூ ஜெர்சியில் ஒரு சிறிய தமிழ்ச் சபையைக் கவனித்துவரும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் படித்தவர். பிறகு அமெரிக்காவில் இரண்டு வருடம் படித்தபோது விடுதியில் கூடத் தங்கிய மூன்று நண்பர்கள், டெக்ஸாஸின் சான் அன்டோனியோவில் நடக்கப்போகும் ஒரு ஹிஸ்பானிக் (அமெரிக்காவில் வாழும் ஸ்பானிஷ் வழி மக்களின்) இறையியல் மாநாட்டுக்கு வருகிறார்கள். ஒருவர் புவேர்ட்டோ ரிக்கோ, ஒருவர் எல் சால்வடோர், ஒருவர் சான் அன்டோனியோவிலேயே பிறந்த மெக்சிகோ வழி அமெரிக்கர். இவரையும் வரச் சொல்கிறார்கள். பார்த்துப் பதினான்கு வருடம் ஆகிறது. இவருக்கு ஸ்பானிஷ் தெரியாது. செலவில் பாதியைச் சபை தருவதாகச் சொல்லியிருக்கிறது. "உண்மையில் நண்பர்களைப் பார்க்கத்தான் போகிறேன், மாநாடு ஒரு சாக்கு. சபைப் பணத்தில் இப்படிப் போவது சரியா? போவதென்றால் என்ன படித்துவிட்டுப் போக வேண்டும்?"

பதில்:

தம்பி, போய் வாருங்கள். நண்பர்களைப் பார்க்கத்தான் போகிறேன் என்று சபையிலும் சொல்லிவிட்டே போங்கள்.

உங்கள் குற்ற உணர்வுக்கு அடியில் ஒரு கணக்கு இருக்கிறது. மேடையில் கட்டுரை வாசிப்பது இறையியல், வெளியே காபி குடித்துக்கொண்டே பேசுவது அரட்டை. முதலாவதற்குச் சபை காசு கொடுக்கலாம், இரண்டாவதற்குக் கூடாது. வேறு மாநாடாக இருந்தால் இந்தக் கணக்கு ஓரளவு செல்லுபடியாகும். நீங்கள் போகிற இடத்தில் ஆகாது. அமெரிக்காவில் வாழும் ஸ்பானிஷ் வழிக் கிறிஸ்தவர்கள் தங்கள் இறையியலுக்கே வைத்திருக்கும் பெயர் 'தியோலொஹியா என் கொன்ஹுந்தோ'. சேர்ந்து செய்யும் இறையியல் என்று பொருள். தனி அறையில் ஒரு மேதை உட்கார்ந்து எழுதுவதை அவர்கள் பாதி வேலையாகத்தான் மதிக்கிறார்கள்.

இதை ஹுஸ்தோ கொன்சாலெஸ் ஒரு நாடகத்தைக் காட்டி விளக்கினார். 1937இல் ஹவானாவில் பிறந்தவர், மெத்தடிஸ்ட், நம்முடைய கல்லூரிகளிலும் திருச்சபை வரலாற்றுக்கு அவருடைய புத்தகத்தைப் புரட்டாதவர்கள் குறைவு. நாடகம் 17ஆம் நூற்றாண்டு ஸ்பெயினில் லோபே தே வேகா எழுதியது. ஊரைக் கொடுமைப்படுத்திய அதிகாரியை ஊரே சேர்ந்து கொன்றுவிடுகிறது. விசாரணைக்கு வந்தவர்கள் ஒவ்வொருவராகச் சித்திரவதை செய்து, கொன்றது யார் என்று கேட்கிறார்கள். எல்லோரும் சொல்லும் ஒரே பதில் ஊர்ப்பெயர்: ஃபுவென்தே ஒவேஹுனா. இறையியலும் அப்படி இருக்க வேண்டும், இதைச் சொன்னது யார் என்று கேட்டால் ஊரே கை தூக்க வேண்டும் என்றார் கொன்சாலெஸ். இறையியலுக்குக் கொலைக்கதையை உவமை சொல்லும் துணிச்சல் எனக்குப் பிடித்தது.

அப்புறம் ஆதா மரியா இசாசி-தியாஸ். இவரும் ஹவானாவில் பிறந்தவர்தான் (1943). 2012இல் இறந்தார். சாதாரண ஸ்பானிஷ் வழிப் பெண்களிடம் போய் உட்கார்ந்து பேசி, அவர்கள் சொன்னதையே இறையியலின் மூலமாக வைத்து எழுதியவர். 'லோ கொத்திதியானோ', அதாவது அன்றாடம், என்ற சொல்லை இறையியல் மேசைக்குக் கொண்டுவந்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. வாடகை, பஸ், பிள்ளையின் காய்ச்சல், மேஸ்திரியின் ஏச்சு எல்லாம் அதில் அடக்கம். கிங்டம் என்ற ஆங்கிலச் சொல்லின் நடுவிலிருந்து ஓர் எழுத்தை உருவிவிட்டு 'கின்டம்' என்று அவர் எழுதுவார். ராஜா போய்ச் சொந்தக்காரர்கள் வந்துவிடுவார்கள். தமிழில் இந்தச் சித்து பலிக்காது. 'தேவனுடைய ராஜ்யம்' என்பதை வேண்டுமானால் 'தேவனுடைய சொந்தபந்தம்' என்று வாசித்துப் பாருங்கள்.

இவர்கள் மாநாட்டுக்குத்தான் நீங்கள் போகிறீர்கள். நண்பர்களோடு உட்காருவதைச் சாக்கு என்று அங்கே போய்ச் சொன்னால் உங்களை வேடிக்கையாகப் பார்ப்பார்கள்.

இன்னொரு சொல்லையும் கற்றுக்கொண்டு போங்கள்: சோப்ரெமேசா. சாப்பிட்டு முடித்தபிறகும் எழுந்திருக்காமல் மேசையிலேயே உட்கார்ந்து பேசுவதற்கு ஸ்பானிஷில் தனிச்சொல் இது. கை காயக் காயப் பேசுவது என்று நாம் சொல்வோமே, அதுதான். நிகழ்ச்சி நிரலில் மதிய உணவுக்கு ஒன்றரை மணி நேரம் போட்டிருப்பார்கள், இரண்டரை மணிக்கும் பாதிப் பேர் மேசையில்தான் இருப்பார்கள். எந்தச் செமினரியில் யாருக்கு வேலை போனது, எந்தச் சபையில் பாதிக் குடும்பங்கள் குடியேற்றப் போலீசுக்குப் பயந்துகொண்டு ஆராதனைக்கு வருவதில்லை, இளம் போதகர்கள் ஏன் இரண்டாவது வேலைக்கு உபர் ஓட்டுகிறார்கள் என்பதெல்லாம் அங்கேதான் வெளியே வரும். அடுத்த நாள் காலை மேடையில் பேசுகிறவர் அதில் ஒன்றை எடுத்துத் தன் கட்டுரைக்குள் செருகிக்கொண்டு வருவார். நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

சரி, நான் யார் இதைச் சொல்ல? கணவர் வேலையாக டெக்ஸாஸில் சில வருடங்கள் இருந்தேன். அதற்கு முன்னும் பின்னும் திருச்சபை வரலாறு சொல்லிக்கொடுத்தேன். இப்படிப்பட்ட மாநாடுகள் நாலைந்துக்குப் போயிருக்கிறேன். முதல் தடவை போனபோது எனக்கும் ஸ்பானிஷில் 'கிராசியாஸ்' தவிர எதுவும் தெரியாது. மேசையில் ஒவ்வொருவராக ஊர்ப்பெயர் சொல்லி அறிமுகம் செய்துகொண்டு வந்தார்கள். என் முறை வந்தது. நான் பிறந்தது நாசரேத்தில். தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்து. அப்படியே சொன்னேன். ஒரு நிமிடம் மேசையே அமைதியாகிவிட்டது. பிறகு எதிரே இருந்த ஒரு கியூபா அம்மா, எழுபது வயது இருக்கும், மெதுவாக ஆங்கிலத்தில் கேட்டார்: "அங்கேயிருந்து நல்லது ஏதாவது வருமா?" இயேசுவின் ஊரைப் பற்றிச் சுவிசேஷத்தில் நாத்தான்வேல் கேட்ட அதே கேள்வி. மேசை அதிரச் சிரித்தார்கள். மூன்று நாளும் எனக்குப் பெயரே 'நாசரேத்துக்காரி' ஆகிவிட்டது.

அந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஒரு புத்தகம் இருந்தது எனக்கு அன்று தெரியாது. நீங்கள் படித்துவிட்டுப் போக வேண்டியது அதைத்தான்: விர்ஹிலியோ எலிசொண்டோ 1983இல் எழுதிய 'கலிலேயப் பயணம்'. வேறு எதுவும் படிக்க நேரமில்லை என்றால் பரவாயில்லை, இதைப் படித்துவிடுங்கள். சின்னப் புத்தகம்.

எலிசொண்டோ 1935இல் சான் அன்டோனியோவில் பிறந்தார். பெற்றோர் மெக்சிகோவிலிருந்து வந்தவர்கள், மளிகைக் கடை வைத்திருந்தார்கள். கத்தோலிக்கக் குருவானார். பள்ளிக்கூடத்தில் அமெரிக்கப் பிள்ளைகளுக்கு இவர் மெக்சிகோக்காரர், எல்லை தாண்டி உறவினர் வீட்டுக்குப் போனால் அங்கே இவர் அமெரிக்கர். இரண்டு பக்கமும் முழுதாகச் சேர்த்துக்கொள்ளவில்லை. இந்த வலியைக் கையில் வைத்துக்கொண்டு சுவிசேஷத்தைத் திறந்தபோது, இயேசு ஏன் கலிலேயராக இருக்க வேண்டும் என்ற கேள்வி அவருக்குப் பெரிதாகத் தெரிந்தது. அவர் பார்வையில் கலிலேயா பல இனத்தார் குறுக்கும் நெடுக்கும் போய்வந்த எல்லைப் பகுதி. எருசலேமில் இருந்த சுத்தக்காரர்களுக்கு அது மட்டம். கலிலேயரின் உச்சரிப்பே வேறு: "உன் பேச்சு உன்னை வெளிப்படுத்துகிறது" என்று பேதுருவை முற்றத்தில் மடக்கினார்களே, நினைவிருக்கிறதா? நம்மூர்ப் பிரசங்கங்களில் அந்த வசனம் சீஷனுடைய பேச்சின் பரிசுத்தத்தைப் பற்றியதாகிவிடும். எலிசொண்டோ அதை உள்ளபடி வாசித்தார். வாயைத் திறந்தால் எந்த ஊர் என்று தெரிந்துவிடுகிற ஆளின் பயம் அது. ஹூஸ்டனில் ஸ்பானிஷ் வாடை அடிக்கும் ஆங்கிலத்தில் போலீசுக்குப் பதில் சொல்கிறவருக்கு அந்தப் பயம் தெரியும். சென்னைக்குப் போய்ப் படித்த திருநெல்வேலிப் பிள்ளைக்கும் அதில் ஒரு துளி தெரியும்.

அவர் பயன்படுத்திய முக்கியமான சொல் 'மெஸ்திசாஹே', கலப்பு. ஐரோப்பியரும் அமெரிக்கப் பழங்குடியினரும் கலந்த மக்கள். அந்தக் கலப்பு வன்முறையில் தொடங்கியது என்பதை அவர் மறைக்கவில்லை. ஆனால் அப்படிப் பிறந்த மக்களைக் குறைப்பிறவிகளாக ஏன் பார்க்க வேண்டும், அவர்களிடம்தான் ஒரு புதிய தொடக்கம் இருக்கிறது என்றார். உலகம் ஒதுக்குவதைத் தேவன் தெரிந்துகொள்கிறார், தெரிந்துகொள்ளப்பட்டவர்கள் எருசலேமுக்குப் போய் அதிகாரத்தின் முன்னால் நிற்க வேண்டும், அங்கே சிலுவைக்குப் பிறகு உயிர்த்தெழுதல் இருக்கிறது. புத்தகத்தின் ஓட்டம் இதுதான்.

இந்தப் புத்தகத்தை எழுதியவரின் ஊரிலேயே மாநாடு நடக்கிறது. அதனால் ஒரு பிற்பகலை ஒதுக்கி ஊரைப் பாருங்கள். நகரின் நடுவில் சான் ஃபெர்னாண்டோ பேராலயம். 1731இல் கனேரித் தீவுகளிலிருந்து வந்து குடியேறியவர்கள் தொடங்கிய சபை அது. எலிசொண்டோ 1983 முதல் அங்கே பொறுப்புக் குருவாக இருந்தார். பெரிய வெள்ளியன்று இயேசுவின் பாடுகளைத் தெருவிலேயே நடித்துக்கொண்டு பேராலயம்வரை வருவார்கள், டவுன்டவுன் போக்குவரத்தே நிற்கும். 1972இல் அவர் அதே ஊரில் மெக்சிகன் அமெரிக்கன் கலாசார மையத்தைத் தொடங்கினார். நாடு முழுவதிலிருந்தும் குருக்களும் கன்னியாஸ்திரிகளும் ஸ்பானிஷ் சபைகளில் ஊழியம் செய்யப் பயிற்சி பெற வந்த இடம்.

எல்லோரும் அலமோ கோட்டைக்குக் கூட்டிக்கொண்டு போவார்கள். பாருங்கள், ஆனால் அதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். 1836இல் டெக்ஸாஸ் வீரர்கள் மெக்சிகோ படையோடு சண்டையிட்டு மாண்ட இடம் என்று வழிகாட்டி சொல்வார். உள்ளே இறந்தவர்களில் ஸ்பானிஷ் பெயர் கொண்டவர்களும் உண்டு என்பதைச் சற்று வேகமாகச் சொல்லிவிட்டுப் போவார். அலமோ முதலில் ஒரு மிஷன், அதாவது ஸ்பானியத் துறவிகள் பழங்குடிகளைக் கிறிஸ்தவர்களாக்க அமைத்த குடியிருப்பு. ஆற்றோரமாகத் தெற்கே போனால் இன்னும் நான்கு பழைய மிஷன்கள். அலமோவோடு சேர்த்து ஐந்துக்கும் 2015இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தகுதி கிடைத்தது. அந்த நான்கும் இன்றும் ஆராதனை நடக்கும் கோவில்கள். சான் ஹோசே மிஷனில் ஞாயிற்றுக்கிழமை மரியாச்சி வாத்தியக்காரர்கள் வாசிக்கும் திருப்பலி பேர்போனது. சுவரைத் தொட்டுப் பார்க்கும்போது ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள்: அந்தக் கல்லைச் சுமந்தவர்கள் அந்த மண்ணின் பழங்குடிகள். அவர்களுடைய சந்ததியார் இன்னும் அந்தச் சபைகளில் இருக்கிறார்கள்.

உங்கள் சான் அன்டோனியோ நண்பரிடம் "உங்கள் குடும்பம் எப்போது அமெரிக்காவுக்கு வந்தது?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். "நாங்கள் எல்லையைத் தாண்டவில்லை, எல்லைதான் எங்களைத் தாண்டியது" என்று அங்கே ஒரு வழக்கு உண்டு. 1848இல் குவாதலூப்பே இதால்கோ ஒப்பந்தத்தில் மெக்சிகோவின் பாதி நிலம் அமெரிக்காவுக்குக் கைமாறியது, மக்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். அவருக்கு ஸ்பானிஷ் சரளமாக வராவிட்டாலும் ஆச்சரியப்படாதீர்கள். அவருடைய தாத்தா பாட்டி காலத்தில் டெக்ஸாஸ் பள்ளிகளில் ஸ்பானிஷ் பேசினால் அடி விழுந்தது. அடி வாங்கியவர்கள் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தை மட்டும் கொடுத்தார்கள். மாநாட்டில் மொழிபெயர்ப்புக் கருவியைக் காதில் மாட்டிக்கொண்டு உங்கள் பக்கத்திலேயே அவரும் உட்கார்ந்திருக்கக்கூடும்.

மொழியைப் பற்றிய உங்கள் கவலைக்கும் இதிலேயே பதில் வந்துவிட்டது. இந்த இறையியலின் முக்கிய நூல்களில் பெரும்பகுதி ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. பேச்சு பாதி வாக்கியம் ஆங்கிலம், பாதி ஸ்பானிஷ் என்று போகும். தங்கிலீஷில் வளர்ந்த நமக்கு அந்தத் தாவல் புதிதில்லை. ஆராதனையில் 'கொரித்தோ' என்று குட்டிப் பாடல்கள் பாடுவார்கள். நாலு வரி, கைதட்டு, திரும்பத் திரும்ப. மூன்றாவது சுற்றில் நீங்களும் பாடிக்கொண்டிருப்பீர்கள்.

மற்ற இரண்டு நண்பர்களைப் பற்றி. புவேர்ட்டோ ரிக்கோக்காரர்கள் 1917 முதல் அமெரிக்கக் குடிமக்கள், ஆகவே விசாவைப் பற்றி அவரிடம் பேச வேண்டாம். 2017 செப்டம்பரில் மரியா புயல் அடித்தபோது எங்கே இருந்தார் என்று கேளுங்கள், ஒரு மணி நேரம் பேசுவார். சால்வடோர்க்காரரிடம் ரொமேரோவைப் பற்றிக் கேட்கலாம். 1980 மார்ச் 24 அன்று திருப்பலி நடத்திக்கொண்டிருந்தபோது சுட்டுக் கொல்லப்பட்ட பேராயர். ரோம் 2018இல்தான் அவரைப் புனிதர் என்றது, மக்கள் அதற்கு வெகுகாலம் முன்பே சொல்லிவிட்டார்கள். ஆனால் உள்நாட்டுப் போர்க் கதைகளை நீங்களாகத் தோண்டாதீர்கள். வந்தால் வரட்டும். கியூபாவிலிருந்து வந்தவர்கள் மேசையில் இருந்தால் புரட்சியைப் புகழ்ந்து பேசுவதற்கு முன் இரண்டு தடவை யோசியுங்கள். நான் யோசிக்கவில்லை, மாட்டிக்கொண்டேன்.

'ஹிஸ்பானிக்' என்று ஒரே பையில் போட்டாலும் உள்ளே இருப்பது இத்தனை பேர். 2020 கணக்கெடுப்பில் அமெரிக்காவில் 6.21 கோடிப் பேர் அந்தக் கட்டத்தில் டிக் அடித்தார்கள். சிலருக்கு 'லத்தீனோ' பிடிக்கும், சிலர் 'சிக்கானோ' என்பார்கள், டெக்ஸாஸில் 'தெஹானோ' என்பாரும் உண்டு. எந்தச் சொல் சரி என்று மாநாட்டில் ஒரு சண்டை நிச்சயம் நடக்கும். காபி எடுத்துவர நல்ல நேரம் அது.

சண்டைகளில் நீங்கள் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, மெஸ்திசாஹேயைப் பற்றியது. கலப்பு, கலப்பு என்று கொண்டாடும்போது கறுப்பினத்தவரும் இன்னும் பழங்குடிகளாகவே வாழ்கிறவர்களும் காணாமல் போய்விடுகிறார்களே என்று அடுத்த தலைமுறை கேட்டது. நியாயமான கேள்வி. மெக்சிகோவில் இந்தச் சொல்லை அரசாங்கமே தேசியப் பெருமையாக்கிக்கொண்டு பழங்குடிகளைக் கரைக்கப் பார்த்த வரலாறு உண்டு. ஆகவே எலிசொண்டோவைப் படித்த வேகத்தில் அவரையே கடைசி வார்த்தையாகத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள்.

இரண்டாவது, மேடைக்கும் சபைக்கும் இருக்கும் தூரம். பியூ ஆய்வு மையத்தின் கணக்குப்படி 2010இல் அமெரிக்க ஹிஸ்பானிக் மக்களில் 67 விழுக்காட்டினர் கத்தோலிக்கர். 2022இல் 43. போனவர்கள் பலர் எந்தச் சபைக்கும் போவதில்லை. போகிறவர்களில் நிறையப்பேர் இருப்பது கடையை வாடகைக்கு எடுத்து நடத்தும் பெந்தெகொஸ்தே சபைகளில். லத்தீன் அமெரிக்காவில் பிறந்த விடுதலை இறையியல் ஏழைகளைத் தேர்ந்தெடுத்தது, ஏழைகள் பெந்தெகொஸ்தேயைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று அங்கே கேலியாகச் சொல்வார்கள். உங்கள் சால்வடோர் நண்பர் எந்தச் சபை என்று நீங்கள் எழுதவில்லை. அங்கேயிருந்து வந்த பெந்தெகொஸ்தே போதகர் யாராவது மாநாட்டுக்கு வந்திருந்தால், பேராசிரியர்களை விட்டுவிட்டு அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள்.

இப்போது என் அவமானக் கதை ஒன்று. நீங்கள் அரசரடிக்காரர் என்பதால் இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

அந்த முதல் மாநாட்டின் இரண்டாம் நாள், கலந்துரையாடலில் நான் எழுந்து நின்று, நீங்கள் சொல்வதையெல்லாம் எங்கள் ஊரில் தலித் இறையியல் சொல்லிவிட்டது என்று பத்து நிமிடம் முழங்கினேன். தலித் இறையியலுக்கு வித்திட்ட அரவிந்த் நிர்மல் 1980களின் தொடக்கத்தில் பெங்களூருவில் வைத்த கேள்வி, அரசரடியில் தியோஃபிலஸ் அப்பாவு பறையையும் நாட்டுப்புற மெட்டையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தது, எல்லாம் சொன்னேன். தகவலில் பிழை இல்லை. கைதட்டினார்கள். இரவு சாப்பாட்டில் அதே கியூபா அம்மா என் தட்டில் ஒரு தமாலே (சோளமாவுக் கொழுக்கட்டை மாதிரி) வைத்துவிட்டுக் கேட்டார்: "நீ சொன்னது உன் வீட்டுக் கதையா, பக்கத்து வீட்டுக் கதையா?"

எனக்குப் பதில் வரவில்லை. என் குடும்பம் தலித் குடும்பம் இல்லை. எங்கள் பாட்டி வீட்டில் சிலருக்குத் தனித் தம்ளர் இருந்தது. ஆலயத்தில் அடுத்தடுத்து முழங்கால் போட்டு நற்கருணை வாங்கியவர்களுக்குத்தான் வீட்டில் அந்தத் தம்ளர். அதைச் சொல்லாமல் நிர்மலைச் சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன். அந்த அம்மாவுக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை. அவர்கள் பழக்கம் அது. யார் பேசினாலும் எந்த இடத்தில் நின்று பேசுகிறாய் என்று கேட்பார்கள். அன்று இரவு தம்ளர் கதையைச் சொன்னேன். யாரும் கைதட்டவில்லை. அந்த மேசையோடு எனக்கு உறவு உண்டானது அதற்குப் பிறகுதான்.

ஆகவே தம்பி, ஒப்பிடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரே உலையில் பொங்கி எல்லோரும் ஒன்றாக உண்பதைத்தான் நற்கருணையின் பொருளாக அப்பாவு பேசினார். பரட்டை அண்ணன் என்று நீங்களெல்லாம் கூப்பிட்டிருப்பீர்கள். அதை அந்த மேசையில் சொன்னால் உயிரோடு கேட்பார்கள். ஆனால் முதல் நாளே "எங்களிடமும் இருக்கிறது" என்று ஆரம்பிக்காதீர்கள். இரண்டு நாள் கேட்டுவிட்டு, உங்கள் வீட்டில் உலை எப்படி இருந்தது என்பதிலிருந்து தொடங்குங்கள்.

மாதா விஷயம் ஒன்று பாக்கி. மேடையில் குவாதலூப்பே அன்னையின் படம் இருக்கலாம். 1531இல் ஹுவான் தியேகோ என்ற பழங்குடி மனிதருக்கு, அவருடைய நவாத்ல் மொழியிலேயே பேசிக் காட்சி கொடுத்தாள் என்பது நம்பிக்கை. நம்மைப் போன்ற புராட்டஸ்டன்ட் ஆட்களுக்கு அங்கே கொஞ்சம் நெளிய வரும். அங்கேயிருக்கும் பாப்டிஸ்டுகளும் நெளிவார்கள். வணங்க வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தமாட்டார்கள். ஆளுகிறவர்களின் மொழியை விட்டுவிட்டு அந்த மனிதனின் மொழியில் பேசினாள் என்பதை மட்டும் காதில் வாங்கிக்கொள்ளுங்கள், போதும்.

சபைப் பணத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: உங்கள் தமிழ் ஆராதனை மாலை நாலு மணிக்கு நடக்கும் அதே கட்டடத்தில் மதியம் ஒரு மணிக்கு ஸ்பானிஷ் சபை கூடுகிறது. எத்தனை வருடமாக? அந்தப் போதகர் பெயர் தெரியுமா? அவர்கள் வெளியே வருகிறபோதுதான் நீங்கள் ஹார்மோனியத்தையும் சாம்பார் வாளியையும் தூக்கிக்கொண்டு உள்ளே போகிறீர்கள் என்று நினைக்கிறேன். 'ஓலா' சொல்லி நகர்ந்திருப்பீர்கள். 1,500 மைலுக்கு மேல் பறந்து போய் ஹிஸ்பானிக் இறையியல் கேட்பதற்கு முன்னால் ஒரு ஞாயிறு மூன்று மணி நேரம் முன்னதாக வந்து அவர்கள் ஆராதனையில் கடைசி பெஞ்சில் உட்காருங்கள். திரும்பி வந்தபிறகு இரண்டு சபையும் சேர்ந்து ஒரு அசனம், எல்லோரும் ஒன்றாக உண்ணும் சபை விருந்து, வையுங்கள். திருநெல்வேலிப் பக்கம் அசனப் பண்டிகை எப்படி நடத்துவது என்று உங்கள் சபையில் யாருக்காவது தெரியாமல் இருக்காது. பாதிச் செலவைக் கொடுத்த சபைக்கு நீங்கள் கணக்கு ஒப்படைக்கும் வழி அதுதான். பவர்பாயிண்ட் அறிக்கை வேண்டாம், யாரும் பார்ப்பதில்லை.

பயணத்துக்குச் சில குறிப்புகள். கோடையென்றால் மதுரை வெயிலை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், அரங்கத்துக்குள்ளோ ஏசி எலும்பைத் துளைக்கும். ஸ்வெட்டர் கட்டாயம். ஏப்ரலில் ஃபியெஸ்டா திருவிழா வாரங்களில் மாநாடு வந்தால் அறை வாடகை எகிறிவிடும், முன்கூட்டியே போடுங்கள். நண்பர்கள் லரேடோ எல்லைவரை காரில் போய்வரலாம் என்று கிளம்பினால் பாஸ்போர்ட்டும் விசா காகிதங்களும் கையில் இருக்கட்டும். எல்லையைத் தாண்டாவிட்டாலும் திரும்பி வரும் நெடுஞ்சாலையில் குடியேற்றச் சோதனைச் சாவடி உண்டு. காரில் யாராவது ஒருவர் வரவில்லை என்று சொன்னால் ஏன் என்று கேட்காமல் விட்டுவிடுங்கள்.

ஆண் பெண் எல்லோரும் அப்ராஸோ என்று கட்டிக்கொள்வார்கள். எனக்குப் பழக ஒரு நாள் ஆனது. கை கூப்பினாலும் தப்பாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள். நாம் 'ஸ்தோத்திரம்' என்பதுபோல 'தியோஸ் தெ பெந்திகா' என்பார்கள், தேவன் உன்னை ஆசீர்வதிப்பாராக. ஞாயிறு காலை யாராவது பார்பகோவா டாக்கோவுக்கு (மெதுவாக வேகவைத்த இறைச்சியை ரொட்டியில் மடித்தது) கூப்பிட்டால் மறுக்காதீர்கள். தமாலே என்பது சோளமாவுக்குள் கறி வைத்துச் சோளமட்டையில் மடித்து அவிப்பது, நம் இலைக்கொழுக்கட்டையின் தூரத்துச் சொந்தம். தமிழ், தமாலே என்று ஒரு சிலேடையை யாராவது நிச்சயம் போடுவார்கள், சிரித்து வையுங்கள். காரம் நமக்கு ஒன்றும் பெரிதாகத் தெரியாது. ஆனால் மிளகாய் எங்கள் ஊர்ச் சரக்கு என்று பெருமையடிக்காதீர்கள், அவர்கள் பக்கத்திலிருந்துதான் போர்த்துக்கீசியர் கப்பலில் நமக்கு வந்தது. வெறுங்கையோடு போகாதீர்கள். ஊரிலிருந்து யாராவது வந்தால் முதலூர் மஸ்கோத் அல்வா கொஞ்சம் சொல்லி வையுங்கள். தேங்காய்ப்பால் அல்வா புவேர்ட்டோ ரிக்கோக்காரருக்கு உடனே பிடித்துவிடும்.

கடைசியாக டிக்கெட். நான் முதல் மாநாட்டில் ஞாயிறு மதியம் இரண்டு மணி விமானத்துக்குப் போட்டிருந்தேன். முடிவு ஆராதனை நீண்டுவிட்டது, கிளம்பும் நேரம் வந்துவிட்டது. மதியச் சாப்பாட்டுக்கு எனக்காக அந்தக் கியூபா அம்மா பக்கத்து நாற்காலியில் பையை வைத்து இடம் பிடித்திருந்தார். அடுத்த வருடம் பேசிக்கொள்ளலாம் என்று சைகை காட்டிவிட்டு டாக்ஸிக்கு ஓடினேன். அடுத்த தடவை போனபோது, ஆராதனையில் அவர்கள் வழக்கப்படி அந்த வருடம் இறந்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தார்கள். ஒவ்வொரு பெயருக்கும் சபை முழுவதும் 'பிரெசெந்தே', இங்கே இருக்கிறார், என்று குரல் கொடுக்க வேண்டும். அவர் பெயர் நாலாவதாக வந்தது.

திங்கள் காலை விமானத்துக்குப் போடுங்கள்.